ஒப்பீட்டுக்கு ஒரு வகுப்பு

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி "ஏதாவது பிரச்சினையா மேடம்?" என்று கேட்டுவிட்டார். இருபத்தைந்து வருஷம் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் காது வேறு எப்படி இருக்கும்? இனிமேல் கடிதம்தான். எனக்கும் அதுதான் வசதி. போனில் கோபப்பட்டால் எனக்குக் கோர்வையாக வருவதில்லை.

உன் மகள் மிளகு பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஹாஸ்டலில் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். பொருளியல் படிக்க வந்தவளுக்கு முதல் வருஷம் புள்ளியியல் கட்டாயம் என்று தெரிந்ததும் முகம் செத்துவிட்டது. "நடத்தறது நான்தான்டி" என்றேன். கொஞ்சம் உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு என் வீட்டில்தான்.

இங்கே என் பொழுது ஒரு படிவத்தோடு போகிறது. பல்கலைக்கழகங்களில் கற்பித்தலை மேம்படுத்த ஒரு மன்றம் மானியம் தருகிறது. நான் கேட்பது இரண்டே இரண்டு: மேசைகளை நகர்த்திப் போடக்கூடிய ஓர் அறை, கூட இருந்து சொல்லித்தர இரண்டு டியூட்டர்கள். இப்போது இருப்பது ஒரு பெரிய ஹால். பிரிவுக்கு நூற்றைம்பது பேர், தரையோடு திருகி வைத்த பெஞ்சுகள், நடுவில் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் வருஷம் முழுக்க என் குரலைத்தான் பார்த்திருக்கிறார்கள், என்னைப் பார்த்ததில்லை.

நான் சீட்டு வாங்குவேனே, ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் புரியாததைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள், பெயர் வேண்டாம். மறுநாள் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நாலு வருஷமாகச் செய்கிறேன், யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது அதைப் படிவத்தில் எழுத வேண்டும். "மாணவர்கள் எழுதித் தருவார்கள்" என்று எழுதினேன். எங்கள் துறைத்தலைவர் அதை அடித்துவிட்டு, "கற்றல் பயனாளிகளின் பின்னூட்டச் சுழற்சி" என்று மாற்றினார். பன்னிரண்டு பக்கப் படிவத்தில் "பிள்ளைகளுக்குப் புரிகிறதா?" என்று ஒரு வரி கேள்வி இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காது பாதி வேலை செய்கிறது. உன் அண்ணி என்னைத் திட்டுவதெல்லாம் வலது பக்கம் நின்றுதான். நல்ல மனசு அவளுக்கு.

படிவத்தில் உங்கள் தலைவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், உனக்கு அறை கிடைத்தால் சரி. எங்கள் கம்பெனியிலும் லிஃப்ட் நின்றுபோனால் "சேவை இடைநிறுத்தம்" என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும்.

மிளகைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாய் வீட்டில்தான். வெளியே போனால் புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தடுக்கியதெல்லாம் அதனால்தான். நூற்றைம்பது பேர் இருக்கும் இடத்தில் கையைத் தூக்க மாட்டாள். நீ வாங்கும் சீட்டு அவளுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. நீ இருக்கிற தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பல் வலி போயிற்றா?

அண்ணன்

*

ஜூலை 22

அன்புள்ள அண்ணா,

பல் வலி போய்விட்டது, பல்லும் போய்விட்டது. மற்றபடி சுகம். அண்ணிக்கு மூட்டு எப்படி?

விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டியது. சந்தோஷப்பட விட்டார்களா? ஒரு நிபந்தனை. ஒரு செமஸ்டர் செய்து காட்டி, பலன் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் மானியமாம். நிரூபிக்க ஒப்பீட்டுக் குழு வேண்டும். அதாவது ஏ பிரிவில் சீட்டு வாங்கலாம், பி பிரிவில் வாங்கக்கூடாது, யாரும் கேட்காமல் நானாகத் திரும்பச் சொல்லவும் கூடாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் பாடம் எடுப்பது நான்தான்.

"இத்தனை வருஷமா எல்லாருக்கும் செஞ்சிட்டிருக்கேனே சார்" என்றேன்.

"அதைத்தாம்மா நிறுத்தணும். எல்லாருக்கும் நல்லா சொல்லிக்கொடுத்தா வித்தியாசம் எப்படித் தெரியும்?" என்றார் தலைவர். சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அவர் தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை.

கற்பித்தலை மேம்படுத்த மானியம் வாங்குவதற்காக, பாதிப் பேருக்கு இருப்பதையும் நிறுத்த வேண்டும். எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் நான் புள்ளியியல் படித்தவள், ஒப்பிடாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று நானே வகுப்பில் சொல்கிறேன். ஒரே ஒரு செமஸ்டர். அறை வந்துவிட்டால் அதற்கப்புறம் வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு நல்லது! அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மிளகு நன்றாக இருக்கிறாள். அத்தைக்கு வேண்டியவள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருக்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

நலம். அண்ணிக்கு மூட்டு அப்படியேதான், அவள் நடையும் அப்படியேதான், நிற்கச் சொன்னால் கேட்கிறாளா?

மிளகு கடிதம் போட்டிருந்தாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, அறைத்தோழி குறட்டை விடுகிறாள் என்று ஒரு பக்கம். கடைசியில் ஒரு வரி: "அத்தை வீட்டில் புள்ளியியல் பற்றிப் பேசக்கூடாதாம்." அது என்ன சட்டம்? சாப்பிடும்போது பாடம் வேண்டாம் என்கிறாயா? நல்லதுதான், சாப்பிட்டு முடித்த பிறகாவது சொல்லிக்கொடு.

அவள் எந்தப் பிரிவு? நீ எழுதவில்லையே.

அண்ணன்

*

செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஒரு வாரம் காய்ச்சல். இப்போது தேவலை. நீங்கள் இருவரும் நலம்தானே?

மன்றத்திலிருந்து பார்வையாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வருவதற்காக வராந்தாவுக்கு வெள்ளையடித்தார்கள். தூணுக்கும் அடித்தார்கள், அது இன்னும் நன்றாக மறைக்கிறது. ஏ பிரிவில் பிள்ளைகள் சீட்டு எழுதுவதை வீடியோ எடுத்தார்கள். ஒரு பெண்ணை "இன்னொரு தடவை எழுதும்மா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே" என்றார்கள். புரியாததை யாராவது சிரித்துக்கொண்டே எழுதுவார்களா?

பிறகு பி பிரிவுக்கு வந்தார்கள். அன்று திட்டவிலக்கம் நடத்தினேன். பாதிக்கு மேல் முகங்களில் ஒன்றுமே ஏறவில்லை. எனக்கு அது தெரிகிறது, அண்ணா. எந்த இடத்தில் விட்டுவிட்டார்கள் என்றுகூடத் தெரிகிறது. நின்று திரும்பச் சொன்னால் முடிந்தது. சொல்லக்கூடாது. அடுத்த பக்கத்துக்குப் போனேன். வெளியே வந்ததும் பார்வையாளர் ஒருவர் என் கையைக் குலுக்கி, "பி பிரிவு ரொம்பத் தெளிவா இருக்கு, குழப்பம் நல்லாத் தெரியுது" என்றார். நான் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு.

மிளகு கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பரீட்சை நெருங்குகிறதல்லவா. போன இரண்டு ஞாயிறு வரவில்லை, படிப்பு இருக்கிறதாம்.

தங்கை

*

அக்டோபர் 11

தங்கைக்கு,

நலம். நான் கேட்டது அவள் எந்தப் பிரிவு என்று. நீ தூணுக்கு வெள்ளையடித்ததை எழுதியிருக்கிறாய்.

அண்ணன்

*

டிசம்பர் 3

அண்ணா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

மானியம் கிடைத்துவிட்டது. ஏ பிரிவில் தோற்றவர்கள் பத்தொன்பது பேர். பி பிரிவில் எழுபத்தொரு பேர். தலைவர் துறையையே கூட்டி, மேடையில் அந்த இரண்டு எண்களையும் திரையில் போட்டார். "வித்தியாசத்தைப் பாருங்க, வித்தியாசத்தை!" என்றார். கை தட்டினார்கள். எழுபத்தொன்றுக்குக் கை தட்டுகிறார்கள், அண்ணா! பத்தொன்பது சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, எழுபத்தொன்று பெரிதாகவும் இருந்தால்தான் வித்தியாசம் நன்றாக இருக்கும். எனக்குச் சால்வை போட்டார்கள். அதை அங்கேயே நாற்காலியில் விட்டுவிட்டு வந்தேன். பியூன் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

எழுபத்தொரு பேரில் மிளகும் ஒருத்தி. அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாதது ஒன்று இருக்கிறது, அது அவளுக்கே தெரியாதது. பட்டியல் வந்தபோது அவள் பெயர் ஏ பிரிவில்தான் இருந்தது. நான்தான் பி பிரிவுக்கு மாற்றினேன். பலன் தரும் பிரிவில் தன் அண்ணன் மகளை வைத்துக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் ஆய்வே செத்துவிடும் என்று பயந்தேன். நேர்மையாக இருப்பதாக நினைத்தேன். பேனாவை எடுத்து ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு, "அத்தை, இந்த ஒரு கணக்கு மட்டும்" என்றாள். பி பிரிவுப் பெண்ணுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தால் தரவு கெட்டுவிடும். "வகுப்பிலே கேளு" என்றேன். வகுப்பில் கேட்க மாட்டாள் என்று நீ எழுதியிருந்த கடிதம் அந்த அறையிலேயே அலமாரியில் இருந்தது. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் அவள் இடம் போய்விடும், அதுதான் இங்கே விதி.

தங்கை

*

டிசம்பர் 15

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

மிளகு விடுமுறைக்கு வந்து ஒரு வாரமாகிறது. தனக்கு மூளை இல்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "அத்தைக்கே தெரிஞ்சுபோச்சும்மா, அதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேங்கிறாங்க" என்றாளாம். இது உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்.

புது லிஃப்ட் போட்டால் நாங்களும் சோதனை செய்வோம். எவ்வளவு தாங்கும், கயிறு போனால் பிரேக் பிடிக்குமா என்று. அதற்கு உள்ளே இரும்புக் கட்டிகளை அடுக்குவோம். மனுஷனை ஏற்ற மாட்டோம். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்கே இது தெரியும். நீ டாக்டர் பட்டம் வாங்கியவள்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். மறைத்துப் பேச எனக்கு வராது. படித்துவிட்டு எழுந்து போய்த் துணி துவைத்தாள். துவைத்த துணியையே இன்னொரு முறை துவைத்தாள்.

அண்ணன்

*

ஜனவரி 6

அண்ணா,

உன் கோபம் நியாயம். ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. அண்ணியின் மூட்டுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

நேற்று தலைவரிடம் போனேன். பி பிரிவில் தோற்றவர்களுக்கு மறுதேர்வுக்கு முன் நான் வகுப்பு எடுக்கப் போகிறேன் என்றேன். நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

"இப்ப தொடாதீங்கம்மா. ஆறு மாசம் கழிச்சு ஒரு தொடர் சோதனை இருக்கு. அது வரைக்கும் பி பிரிவு அப்படியே இருக்கணும். இல்லேன்னா மானியத்தோட அடுத்த தவணை நின்னுபோகும்."

"அப்படியேன்னா? தோத்துப்போயா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. அறை வேணும், டியூட்டர் வேணும்னு கேட்டது நீங்கதானே?"

ஆமாம், கேட்டது நான்தான். வந்தது என்ன தெரியுமா? டியூட்டர்கள் அடுத்த தவணையில். அறை என்று கட்டியது வீடியோ எடுக்க, வெளிச்சத்தம் வராமல் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி. மேசை ஒன்றே ஒன்று, அதுவும் தலைவர் பேசுவதற்கு. அந்த அறையில் நின்றால் நம் மூச்சு நமக்கே கேட்கிறது. எனக்கு என் மூச்சைக் கேட்கப் பிடிக்கவில்லை.

இன்று காலை மன்றத்துக்கு நான்கு வரி எழுதிப் போட்டேன். ஒப்பீட்டுக் குழு இனி இல்லை, அவர்களுக்கு நான் பாடம் நடத்துகிறேன், உங்கள் அடுத்த தவணை எனக்கு வேண்டாம் என்று. மத்தியானமே அந்தப் பழைய ஹாலைத் திறந்து வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். முதல் நாளே அறுபத்து மூன்று பேர். திட்டவிலக்கத்தை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவன், "இவ்வளவுதானா மேடம்?" என்றான். இவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நாலு மாதம் கையில் பொத்தி வைத்திருந்தேன்.

மிளகை அனுப்பு, அண்ணா. உன் காலில் விழுகிறேன் என்று எழுத வெட்கமில்லை எனக்கு.

தங்கை

*

ஜனவரி 24

மிளகுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், கண்ணு. சரியாகச் சாப்பிடுகிறாயா? அப்பாவிடமிருந்து பதில் இல்லை, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உனக்கு மூளை இல்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஏழு வயதில் என் விடைத்தாள் கட்டில் கூட்டல் பிழை கண்டுபிடித்தவள் நீ. உன்னைக் கைவிட்டது உன் மூளை இல்லை, நான். அதை வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுதேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தினமும் மூன்று மணிக்கு வகுப்பு. எல்லோரும் வந்துவிட்டார்கள், எழுபது பேர். ஹாஸ்டல் வேண்டாம் என்றால் என் வீட்டில் இரு. நான் பேச வேண்டாம் என்றால் பேச மாட்டேன், கணக்கு மட்டும் சொல்லித்தருகிறேன். வந்துவிடு.

அத்தை

*

மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அப்பா இடது காதுக்குக் கருவி வாங்கியிருக்கிறார். அம்மாவின் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று வருத்தப்படுகிறார். உங்களுக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லையே?

உங்கள் கடிதம் கிடைத்தது. உடனே எழுதியிருக்க வேண்டும். நாலைந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

மறுதேர்வுக்கு நான் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வந்திருந்தால் பாஸ் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எழுபது பேரில் அறுபத்தாறு பேர் பாஸாகிவிட்டார்கள் என்று என் அறைத்தோழி எழுதியிருந்தாள். "உங்க அத்தை மாதிரி யாருக்கும் சொல்லிக்கொடுக்க வராதுடி" என்றும் எழுதியிருந்தாள். எனக்குத் தெரியும் அத்தை. நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் உங்களுக்கு நன்றாகத்தான் வந்திருக்கும்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார் அம்மா. அதை எழுதித்தான் முதல் நாலைந்து கடிதங்களைக் கிழித்தேன்.

இங்கேயே பக்கத்தில் ஒரு கல்லூரியில் சேரப் போகிறேன். மறுபடி முதல் வருஷம், மறுபடி புள்ளியியல். வகுப்பு எப்படி இருக்கும் என்று போன வாரம் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நடத்துகிறவர் சுமார்தான். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறார், பாதி புரியவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் புரியவில்லை, முன்னால் இருந்த பையனுக்கும் புரியவில்லை. யாருக்கும் புரியாததில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கையைத் தூக்கி, புரியவில்லை சார் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

மிளகு